மூன்று முறை கரு தங்கவில்லை: எதைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்பது?

2024 ஜூன் 3

கேள்வி: “வயது 33. மொரீஷியஸில் ஃபிளாக் பக்கம் இருக்கிறோம். திருமணமாகி ஐந்து ஆண்டுகளில் மூன்று முறை கலைத்துவிட்டேன். ஏழாவது வாரம், எட்டாவது வாரம், கடைசியாகப் பத்தாவது வாரம். ‘வயது இருக்கிறது, மறுபடி முயலுங்கள்’ என்று மருத்துவமனையில் அனுப்பிவிட்டார்கள். என் உடம்பில் சூடு அதிகம் என்கிறார் மாமியார். போர்ட் லூயிஸ் சந்தையில் வாங்கிய திசான் என்ற மூலிகைக் கஷாயத்தை மூன்று மாதமாகக் குடிக்கிறேன். பரிசோதனை ஏதாவது செய்ய வேண்டுமா? அல்லது இது என் தலையெழுத்தா?”

ஜூன் 3, இரவு

முதலில் ஒரு சொல். ‘கலைத்துவிட்டேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ‘கலைந்துவிட்டது’ என்று எழுதுங்கள். நான் ரோஸ் ஹில்லில் தமிழ் ஆசிரியை. ஆனால் பிழை திருத்தும் பழக்கத்தில் இதைச் சொல்லவில்லை. கலைந்தது தன்வினை, கலைத்தேன் பிறவினை. ஒரே ஒரு மெய்யெழுத்து மாறியதும் பழி முழுவதும் உங்கள் தலையில் வந்து விழுகிறது. நீங்கள் எதையும் செய்யவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மூன்று முறை ஆனபின் “மறுபடி முயலுங்கள்” என்பது பதிலே அல்ல. எனக்கும் மூன்று. 2008, 2009, 2010. அதற்குப் பிறகுதான் இரத்தப் பரிசோதனை செய்தார்கள், இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி போட்டார்கள், 2012 பிப்ரவரியில் மகள் பிறந்தாள். ஹெப்பாரின் ஊசியைக் கேளுங்கள். அதைக் கேட்காமல் அடுத்த முறை முயலாதீர்கள்.

ஜூன் 4, காலை

நேற்று இரவு எழுதியதில் கடைசி இரண்டு வரிகளைத் திரும்பப் பெறுகிறேன். படுத்தபின் உறுத்தியது. ஊசியைக் கேட்கச் சொன்னது தவறு. பரிசோதனையைத்தான் கேட்க வேண்டும். எனக்கு அந்த ஊசி பயன்பட்டதற்குக் காரணம் எனக்கு இருந்த கோளாறு. அது உங்களுக்கு இல்லையென்றால் ஒன்பது மாதம் வயிற்றில் குத்திக்கொண்டு, காசையும் கரைத்து, ஒன்றும் மிஞ்சாது.

அந்தக் கோளாற்றின் பெயர் ஆன்டிபாஸ்போலிபிட் நோய்த்தொகுதி. 1983இல் லண்டனில் கிரகாம் ஹியூஸ் என்ற மருத்துவர் விவரித்ததால் ஹியூஸ் நோய் என்றும் சொல்வார்கள். நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்புப் புரதங்களே நம் உயிரணுக்களின் மேலுறையோடு ஒட்டியிருக்கும் புரதங்களைத் தாக்கத் தொடங்குகின்றன. இரத்தம் எளிதில் உறைகிறது. நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரில் வேர் பிடிப்பதும் தடைப்படுகிறது. திரும்பத் திரும்பக் கரு கலையும் பெண்களில் 100க்கு 15 பேரிடம் இந்தப் புரதங்கள் காணப்படுவதாகப் பிரித்தானிய மகப்பேறு மருத்துவர் கல்லூரியின் வழிகாட்டி சொல்கிறது. மீதி 85 பேருக்கு என் கதை பொருந்தாது என்பதும் அதே கணக்குதான்.

கேட்க வேண்டியவை மூன்று: லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், ஆன்டிகார்டியோலிபின், பீட்டா-2 கிளைகோபுரோட்டீன் எதிர்ப்புப் புரதம். ஒரு முறை ‘உண்டு’ என்று வந்தால் போதாது. குறைந்தது 12 வாரம் கழித்து இரண்டாம் முறையும் வர வேண்டும். ஒரு சாதாரணக் காய்ச்சலுக்குப் பிறகுகூட இவை சில வாரம் தலைகாட்டிவிட்டு மறையும்.

‘லூபஸ்’ என்ற சொல்லைச் சீட்டில் பார்த்ததும் பயந்துவிடாதீர்கள். உடம்பின் எதிர்ப்பாற்றல் உடம்பையே தாக்கும் லூபஸ் என்ற நோய் உள்ளவர்களிடம் முதலில் கண்டுபிடித்ததால் வந்த பெயர் அது. இந்தப் புரதம் உள்ள பலருக்கு லூபஸ் கிடையாது. பெயரின் மறுபாதி, ‘ஆன்டிகோயாகுலன்ட்’, அதாவது உறைவைத் தடுப்பது, இன்னும் குழப்பும். ஆய்வுக்கூடக் குழாயில் இது இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்துகிறது, உடம்புக்குள் உறைய வைக்கிறது. என் முதல் சீட்டைப் பார்த்து “இரத்தம் உறையாத நோய்” என்று ஒரு செவிலியர் சொல்லிவிட்டார். இரண்டு நாள் நான் கத்தியைத் தொடவில்லை.

ஜூன் 4, மாலை

இன்னொரு திருத்தம். மூன்று முறை ஆனபிறகுதான் பரிசோதிக்க வேண்டும் என்பதுபோல் நேற்று எழுதிவிட்டேன். பிரித்தானியாவில் மூன்று என்றுதான் கணக்கு. 2017இலிருந்து ஐரோப்பியக் கருவாக்க மருத்துவச் சங்கம் இரண்டு என்கிறது, அமெரிக்காவிலும் இரண்டுதான். இதை வாசிக்கும் யாருக்காவது இரண்டு முறை ஆகியிருந்தால், மூன்றாவதுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

ஜூன் 7

கேள்வி கேட்ட தங்கை ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தின் பட்டியலை எழுதி அனுப்பியிருக்கிறார். இருபத்திரண்டு பரிசோதனைகள். மொத்தத் தொகையைப் பார்த்தேன். கரும்பு அறுவடைக் காலத்துச் சம்பளம் முழுவதையும் விழுங்கும் தொகை அது. அந்தப் பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

‘டார்ச்’ என்று ஒரு தொகுப்பு இருக்கிறதல்லவா, டாக்சோபிளாஸ்மா, ருபெல்லா முதலியவை? அதை அடித்துவிடுங்கள். இந்தக் கிருமிகள் ஒரு கர்ப்பத்தைக் கெடுக்கலாம். அடுத்தடுத்து மூன்றைக் கெடுப்பதில்லை. இந்தியாவில் இன்னும் வழக்கமாக எழுதுகிறார்கள், நம் ஊருக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. ருபெல்லா தடுப்பு உங்களுக்கு இருக்கிறதா என்று தெரிந்துகொள்வது நல்லது, ஆனால் அது வேறு காரணத்துக்காக.

தைராய்டு வேண்டும். சர்க்கரை கட்டாயம் வேண்டும். மொரீஷியஸில் பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. நம் வீடுகளில் அதைப் பாட்டி தாத்தா நோய் என்று நினைத்துக்கொள்கிறோம், முப்பது வயதுப் பெண்ணுக்குப் பார்க்கத் தோன்றுவதில்லை. கட்டுக்குள் உள்ள சர்க்கரை கருவைக் கலைக்காது. கட்டுமீறியது கலைக்கும். இருக்கும் காரணங்களில் சரிசெய்ய எளிதானது இதுதான்.

கருப்பையின் வடிவத்தைப் பார்க்கும் ஸ்கேன் வேண்டும். நடுவில் தடுப்புச் சுவர் இருக்கலாம், உள்ளே கட்டி இருக்கலாம். ஆனால் தடுப்பு தெரிந்ததும் அறுவை மேசையில் ஏறிவிடாதீர்கள். 2021இல் வெளிவந்த ஒரு பன்னாட்டு ஆய்வில் தடுப்பை வெட்டியவர்களுக்கும் வெட்டாதவர்களுக்கும் குழந்தை பிறப்பதில் வேறுபாடு தெரியவில்லை. 80 பேர் மட்டுமே பங்கேற்ற சிறிய ஆய்வு அது, அதனால் கதவு முழுவதும் மூடிவிடவில்லை. இரண்டாவது மருத்துவர் ஒருவரிடம் கேட்டபின் முடிவெடுங்கள்.

புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ், ஃபாக்டர் ஃபைவ் என்று பரம்பரையாக வரும் உறைவுக் கோளாறுகள் நாலைந்து இருக்கின்றன. குடும்பத்தில் யாருக்கும் காலிலோ நுரையீரலிலோ இரத்தக் கட்டி வந்ததில்லையென்றால் அவசரமில்லை. புரோட்டீன் எஸ் கர்ப்ப காலத்தில் இயல்பாகவே குறையும். அந்த நேரத்தில் எடுத்துவிட்டு ‘குறைவு’ என்று ஊசி எழுதிய கதை எனக்குத் தெரிந்த குடும்பத்திலேயே உண்டு. இந்தப் பரம்பரைக் கோளாறுகளுக்கு ஹெப்பாரின் உதவுகிறதா என்று 2023இல் லான்செட் மருத்துவ இதழில் ஆய்வு முடிவு வந்தது. ஊசி போட்டவர்களில் 100க்கு 72 பேருக்குக் குழந்தை பிறந்தது. போடாதவர்களில் 71.

ஜூன் 7, சற்று நேரம் கழித்து

பட்டியலில் இல்லாத, ஆனால் இருந்திருக்க வேண்டிய ஒன்று: கலைந்த கருவின் திசுவில் செய்யும் குரோமோசோம் (உயிரணுவுக்குள் மரபுச் செய்தியைச் சுமக்கும் இழை) பரிசோதனை. முதல் மூன்று மாதத்தில் கலைபவற்றில் ஏறக்குறைய பாதி, குரோமோசோம் எண்ணிக்கை தவறிப்போனதால் கலைகின்றன. பெரும்பாலும் அது தற்செயல். அடுத்த கர்ப்பத்துக்குத் தொடர்வதில்லை. மூன்றாவது முறை என்னை யாரும் கேட்காமலேயே எல்லாவற்றையும் அப்புறப்படுத்திவிட்டார்கள். அப்படிக் கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் விடை கிடைத்திருக்கும் என்று சொல்லவில்லை. எனக்குக் கேட்கும் உரிமையாவது இருந்திருக்கும்.

ஜூன் 9, ஞாயிறு

நான் எப்படித் தாங்கினேன் என்று கேட்டிருக்கிறார்கள். நேரமிருக்கிறது, எழுதுகிறேன்.

2010 தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டியிருந்தேன். மூன்றாவது கரு அப்போது பதினோரு வாரம். இரண்டு வாரத்துக்கு முன் ஸ்கேனில் துடிப்பைப் பார்த்திருந்தோம். அரிசிமணி அளவுக்குள் ஏதோ விளக்கு அணைந்து அணைந்து எரிவதுபோல் இருந்தது. காவடிக்கு நாலு நாள் முன்பு, வகுப்பில் இரண்டாம் வேற்றுமை உருபை எழுதிக்கொண்டிருந்தபோது இடுப்பில் அந்த வலி. முன்பே இரண்டு முறை வந்த வலி, அதனால் என்னவென்று தெரியும். பலகையில் ‘ஐ’ எழுதி முடித்தேன். சுண்ணக்கட்டியை அதன் பெட்டியில் வைத்தேன். பக்கத்து வகுப்பு ஆசிரியையிடம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நடந்தே பஸ் நிலையத்துக்குப் போனேன். ஏன் யாரிடமும் கார் கேட்கவில்லை என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

மருத்துவமனையில் எழுதிய தாளில் ‘ஃபோஸ் கூஷ்’ என்று இருந்தது, கரு கலைவதற்குப் பிரெஞ்சில் சொல்லும் பெயர். வீட்டில் கிரியோல் பேசி வளர்ந்தவள் நான். அன்றுதான் அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தேன். பொய்ப் பேறு. மூன்று முறை வாந்தி எடுத்தது பொய்யில்லை, அந்தத் துடிப்பு பொய்யில்லை, பின் எதைப் பொய் என்கிறார்கள்? தமிழில் கலைந்தது என்கிறோம். மேகம் கலைகிறது, கனவு கலைகிறது, கூட்டம் கலைகிறது. கூடியிருந்த ஒன்று பிரிந்து போனது என்ற அளவிலாவது தமிழ் ஒப்புக்கொள்கிறது. அன்று படுக்கையில் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காவடியன்று கோயிலுக்குப் போகவில்லை. இரத்தப்போக்கு நிற்கவில்லை, தீட்டு. தெருவில் காவடிகள் போகும் சத்தம் சன்னல் வழியே கேட்டது. அம்மா வாழையிலையில் ஏழு கறியும் கட்டி எடுத்து வந்தார். என் கணவரின் அத்தை சென்னையிலிருந்து வந்திருந்தார். கூடத்தில் உட்கார்ந்து அம்மாவிடம், “இதையும் கலைத்துவிட்டாளா?” என்று கேட்டார். கெட்ட எண்ணத்தோடு கேட்டிருக்க மாட்டார். ஆனால் அந்தப் பிறவினை இன்றும் என் காதில் இருக்கிறது. அதனால்தான் உங்கள் கேள்வியில் அதே சொல்லைப் பார்த்ததும் முதலில் அதைப் பிடித்துக்கொண்டேன்.

ஜூன் 10

பால்குடம் 2013இல் எடுத்தேன். சிலர் கேட்டதால் சொல்கிறேன்.

ஜூன் 15

கியூர்பீப்பிலிருந்து ஒருவர்: “கணவர்களுக்குப் பரிசோதனை இல்லையா? என் மனைவியை மட்டும்தான் குத்துகிறார்கள்.” இந்தக் கேள்வியைக் கேட்டதற்கே அவரை மதிக்கிறேன்.

இருக்கிறது. இருவரின் குரோமோசோம்களையும் பார்க்கலாம். திரும்பத் திரும்பக் கலையும் தம்பதிகளில் 100க்கு 2 முதல் 5 வரை, இருவரில் ஒருவருக்குக் குரோமோசோம் துண்டுகள் இடம் மாறியிருக்கும். ஆள் முழு ஆரோக்கியமாக இருப்பார். எப்படி என்றால், இப்படி நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் இரண்டு புத்தகங்கள். கட்டும்போது பைண்டர் ஒன்றின் பத்துப் பக்கத்தை மற்றொன்றில் வைத்துத் தைத்துவிட்டார். இரண்டும் அதே அலமாரியில் இருக்கும்வரை ஒரு பக்கமும் தொலையவில்லை, எல்லாவற்றையும் வாசிக்கலாம். பிள்ளைக்கு அதில் ஒன்றை மட்டும் எடுத்துக் கொடுத்தால்தான் சிக்கல்: சில பக்கம் இரண்டு முறை வரும், சில பக்கம் இருக்காது. அப்படிப்பட்ட கரு நிற்பதில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் தவறான புத்தகமே போவதில்லை. இந்தக் குறை உள்ள பலர் எந்தச் சிகிச்சையும் இல்லாமல் நல்ல குழந்தைகளைப் பெற்றிருக்கிறார்கள். முடிவைக் கையில் வாங்கும்போது மரபியல் ஆலோசகர் ஒருவர் உடனிருந்து விளக்குவது அவசியம். தாளை உறையில் போட்டு அனுப்பிவிடுவது கொடுமை.

புகைபிடித்தால் நிறுத்துங்கள். மதுவும் அப்படியே. விந்தணுவின் டி.என்.ஏ. முறிவு பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். தொடர்பு இருப்பதாகத்தான் தெரிகிறது, ஆனால் கைகண்ட சிகிச்சை என்று எதையும் காட்ட முடியாது.

அவருடைய மனைவிக்கு 41 வயதாம். வயதைப் பற்றி மழுப்பாமல் எழுதுகிறேன். பிரித்தானியக் கல்லூரி 2011 வழிகாட்டியில் தந்த கணக்கின்படி, 25 முதல் 29 வயதில் 100 கர்ப்பத்தில் 12 கலைகின்றன. 35 முதல் 39 வரை 25. 40 முதல் 44 வரை 51. முட்டையின் வயது அது. அதற்கு மாத்திரை இல்லை. “இனி முயல்வதா” என்பது உங்கள் இருவரின் முடிவு, ஆனால் அந்த முடிவை இந்த எண்ணைத் தெரிந்துகொண்டு எடுங்கள். 51 கலைந்தால் 49 நிற்கின்றன என்பதும் அதே கணக்கில் இருக்கிறது.

ஜூன் 22

மயேபூர்க் அருகிலிருந்து ஒரு பெண்: இரண்டு முறையும் இருபதாவது வாரத்தை ஒட்டி, வலியே இல்லாமல், திடீரென்று நீர்க்குடம் உடைந்து போயிருக்கிறது. நான் மேலே எழுதியது எதுவும் இவருக்குச் சரியாகப் பொருந்தாது. இவர் உடனே கேட்க வேண்டியது கருப்பை வாயைப் பற்றி. பாரம் ஏற ஏற வாய் சத்தமில்லாமல் திறந்துகொள்கிறது. அதற்குத் தையல் போடுவார்கள். 1955இல் பம்பாயில் ஷிரோத்கர் என்ற மருத்துவர் அந்தத் தையலை அறிமுகப்படுத்தினார். 1957இல் மெக்டொனால்ட் சற்று எளிய முறையைச் சொன்னார். இன்றும் உலகெங்கும் இந்த இரண்டு பெயர்களால்தான் அவற்றை அழைக்கிறார்கள். எல்லோருக்கும் தையல் தேவைப்படாது. பதினாறு வாரம் அளவிலிருந்து ஸ்கேனில் வாயின் நீளத்தை அளந்துகொண்டே வந்து, குறைந்தால் போடுவதும் உண்டு.

அம்மா, அடுத்த முறை நாள் தள்ளிப்போன வாரமே இதைச் சொல்லுங்கள். யாராவது கேட்பார்கள் என்று இருபதாவது வாரம் வரை இருக்காதீர்கள்.

ஜூலை 6

கர்ப்பம் நிலைக்கத் தேவையான புரோஜெஸ்டிரோன் ஹார்மோனை மருந்தாக வைப்பது பற்றி ஆறு பேர் கேட்டுவிட்டார்கள். எல்லோருக்கும் யாரோ ஒருவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

2015இல் காரணம் தெரியாமல் திரும்பத் திரும்பக் கலைந்த 836 பெண்களிடம் சோதித்தார்கள். மருந்து வைத்தவர்களில் 65.8 விழுக்காட்டினருக்கும், வெற்று மருந்து வைத்தவர்களில் 63.3 விழுக்காட்டினருக்கும் குழந்தை பிறந்தது. சொல்லிக்கொள்ளும் வேறுபாடு இல்லை. 2019இல் இன்னும் பெரிய ஆய்வு, 4,153 பெண்கள். இவர்கள் கர்ப்பத்தின் தொடக்கத்தில் இரத்தப்போக்கு வந்தவர்கள். மொத்தத்தில் இங்கும் வேறுபாடு மெல்லியது. ஆனால் முன்பு மூன்று அல்லது அதற்கு மேல் கலைந்து, இப்போது இரத்தமும் கண்டவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால், மருந்து வைத்தவர்களில் 72 விழுக்காட்டினருக்கும் வெற்று மருந்து வைத்தவர்களில் 57 விழுக்காட்டினருக்கும் குழந்தை பிறந்தது. அது சிறிய விஷயமில்லை. எனவே, முன்பு கலைந்து, இந்த முறை இரத்தம் கண்டால், அன்றே கேளுங்கள். பிரித்தானியாவில் 400 மில்லிகிராம் காலையும் இரவும் பிறப்புறுப்பினுள் வைத்து, பதினாறு வாரம் வரை தொடர்கிறார்கள்.

“எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் கொடுத்தால் என்ன?” என்று ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார். அந்த எண்ணம் ஒரு முறை என்ன செய்தது என்று சொல்கிறேன். 1940களிலிருந்து டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற மருந்தைக் கரு தங்குவதற்காக லட்சக்கணக்கான பெண்களுக்குக் கொடுத்தார்கள். அது பயனில்லை என்று 1953இலேயே சிகாகோவில் ஓர் ஆய்வு காட்டிவிட்டது. இருந்தும் நிறுத்தவில்லை, எதற்கும் இருக்கட்டும் என்று தொடர்ந்தார்கள். 1971இல் பாஸ்டனில், அந்தக் கர்ப்பங்களில் பிறந்த இளம்பெண்களுக்கு அரிய வகைப் புற்றுநோய் வந்திருப்பதைக் கண்டார்கள். அம்மா விழுங்கிய மாத்திரை, மகளின் உடம்பில்.

நாங்களும் 2010 இறுதியில் சென்னைக்குப் போனோம். அங்கே ஓர் இடத்தில் என் கணவரின் வெள்ளை அணுக்களை எனக்கு ஊசியாகப் போடச் சொன்னார்கள். இதற்குப் பயனில்லை என்று 1999இலேயே ஆய்வு வந்துவிட்டது, ஆராய்ச்சிக்கு வெளியே இதைச் செய்யக்கூடாது என்று 2002இல் அமெரிக்க மருந்து நிர்வாகமும் சொல்லிவிட்டது. எங்களுக்கு அது எதுவும் அப்போது தெரியாது. போட்டுக்கொள்ளாததற்குக் காரணம் எங்களிடம் பணம் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஜூலை 14

திசான் பற்றி நான் இன்னும் பதில் சொல்லவில்லை என்று கேட்ட தங்கை நினைவூட்டியிருக்கிறார். வேண்டுமென்றே தள்ளிப்போட்டேன். அந்தக் கடைக்காரரை எனக்குச் சிறுவயதிலிருந்து தெரியும், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே நின்றிருக்கிறேன். உலர்ந்த தழைக் கட்டுகளின் மேல் அட்டையில் எழுதி மாட்டியிருக்கும்: கல், சர்க்கரை, வாயு, தூக்கமின்மை. வயிற்று உப்புசத்துக்கு நான் இன்றும் அயாபானா இலை போட்டுக் குடிக்கிறேன்.

ஆனால் கரு நிற்பதற்கு என்று தரும் பொட்டலத்தில் என்னென்ன இலை இருக்கிறது என்று உங்களால் சொல்ல முடிகிறதா? முடியாதென்றால் நிறுத்துங்கள். சில இலைகள் கருப்பையைச் சுருங்க வைக்கும். முயலும் நாட்களில் பெயர் தெரியாத எதுவும் வயிற்றுக்குள் போக வேண்டாம். மாமியாரிடம் சண்டை போடாதீர்கள். “பரிசோதனைகள் முடியும்வரை பெயர் தெரியாத மருந்து வேண்டாம்” என்று சொல்லுங்கள். பொய்யும் அல்ல.

உடம்புச் சூடு, கிரகணம், திருஷ்டி, பஸ்ஸில் போனது, துணி துவைத்தது, தண்ணீர்க் குடத்தைத் தூக்கியது, கணவரோடு சேர்ந்தது, அழுதது: இவை எதுவும் கருவைக் கலைப்பதில்லை. கலைய இருக்கும் கரு படுத்தே கிடந்தாலும் நிற்கப்போவதில்லை. பழுத்த பப்பாளியால் ஒன்றும் ஆகாது. காயைத் தவிர்த்துவிடுங்கள், அதன் பால் எலிகளின் கருப்பையைச் சுருக்கியதாக ஆய்வு இருக்கிறது. ஃபோலிக் அமிலம் மட்டும் இப்போதே தொடங்குங்கள். அது கரு கலைவதைத் தடுக்காது, குழந்தையின் முதுகுத்தண்டுக் குறையைத் தடுக்கும்.

ஜூலை 14

‘துணி துவைத்தது’ என்று நான் எழுதியதைப் பார்த்துவிட்டு ஒரு மாமி எழுதியிருக்கிறார். நாற்பது ஆண்டுகளுக்கு முன், ஒரு சனிக்கிழமை ஆற்றில் போர்வை துவைத்ததால்தான் தன் கரு கலைந்தது என்று இன்றுவரை நம்பியிருந்தாராம். யாரிடமும் சொன்னதில்லையாம்.

இல்லை மாமி. போர்வையால் அல்ல.

ஆகஸ்ட் 11

“எல்லாம் செய்துவிட்டேன். எல்லாம் சரியாக இருக்கிறது. நான்கு முறை. எனக்கு மட்டும் ஏன்?” என்று ஒரு கடிதம். பெயரும் ஊரும் இல்லை.

இதற்கு எழுத மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். முழுப் பரிசோதனை செய்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இப்படித்தான் முடிகிறது. காரணம் தெரியவில்லை என்ற தாளோடு வீடு திரும்புகிறார்கள். எனக்குக் கிடைத்ததுபோல் ஒரு பெயராவது கிடைத்திருக்கக் கூடாதா என்று தோன்றும். தோன்றுவதில் தவறில்லை. எனக்குப் ‘பாசிட்டிவ்’ என்று வந்த அன்று நான் நிம்மதியில் அழுதேன், நோய் இருக்கிறதே என்று மகிழ்ந்தவள் நான்.

ஆனால் காரணம் தெரியாதவர்களின் அடுத்த கர்ப்பத்துக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. மேலே சொன்ன 2015 ஆய்வை மறுபடி பாருங்கள். வெற்று மருந்து வைத்தவர்களில் 63 விழுக்காட்டினர் பிள்ளை பெற்றார்கள். எந்த மருந்தும் இல்லாமல். அவர்களில் பலருக்கு மூன்று, நான்கு முறை கலைந்திருந்தது. அந்த ஆய்வை மருந்து தோற்றதாக மட்டும் வாசித்துவிட்டேன் ஜூலையில். இன்று அதையே உங்களுக்காக வேறு பக்கத்திலிருந்து வாசிக்கிறேன்.

1984இல் நார்வேயில், காரணம் தெரியாமல் திரும்பத் திரும்பக் கலைந்த பெண்களை, தொடக்கத்திலிருந்தே வாராவாரம் பார்த்து, பேசி, ஆறுதலாக வைத்துக்கொண்டார்கள். அவர்களில் 86 விழுக்காட்டினருக்குக் கர்ப்பம் நிலைத்தது. அந்தக் கவனிப்புக் கிடைக்காதவர்களில் 33. சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு அல்ல, அதனால் அந்த எண்களை அப்படியே நம்பச் சொல்ல மாட்டேன். ஆனாலும் ஆறாவது வாரத்திலிருந்து அடிக்கடி ஸ்கேன், எப்போது கேட்டாலும் பதில் சொல்லும் ஒரு செவிலியர், இவற்றால் யாருக்கும் தீங்கு வந்ததில்லை. அதைக் கேளுங்கள். இதற்கு மருந்துச் சீட்டு வேண்டாம், ஆனால் கேட்டால்தான் கிடைக்கும்.

ஆகஸ்ட் 12

நேற்றைய கடிதக்காரருக்கு இன்னும் ஒன்று. உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2.3 கோடி கருக்கள் கலைவதாக 2021இல் லான்செட் மதிப்பிட்டது. “எனக்கு மட்டும்” என்று நினைக்க வைப்பது நாம் எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான். உங்கள் தெருவிலேயே இருப்பார்கள்.

செப்டம்பர் 17

கேட்ட தங்கையிடமிருந்து தகவல். ஜூன் 18இல் எடுத்த முதல் பரிசோதனையில் லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் வந்திருந்தது. 12 வாரம் கழித்து, செப்டம்பர் 10இல் இரண்டாம் முறை. மறுபடியும் வந்திருக்கிறது. தைராய்டும் சர்க்கரையும் சரி. புதிய மருத்துவர் இப்போதே சிறு ஆஸ்பிரின் தொடங்கச் சொல்லியிருக்கிறார், கர்ப்பம் உறுதியான நாளிலிருந்து ஹெப்பாரின். இதுதான் எனக்கும் தந்தது. 1997இல் லண்டன் ஆய்வில் ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 42 விழுக்காட்டினருக்கும், ஹெப்பாரினும் சேர்த்தவர்களில் 71 விழுக்காட்டினருக்கும் குழந்தை பிறந்தது. 90 பெண்கள்தான். 71 என்பது 100 அல்ல என்று உங்களுக்குத் தெரியும், ஆனாலும் எழுதிவைக்கிறேன்.

கடிதத்தில் “மூன்று முறை கலைந்தது” என்று எழுதியிருக்கிறார். கவனித்தேன்.

ஊசிக்குப் பயப்படுவதாகச் சொல்கிறார். நான் செய்ததைச் சொல்கிறேன், உங்கள் செவிலியர் வேறாகச் சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள். மருந்து நிரப்பியே வரும் சிறிய ஊசி. உள்ளே ஒரு காற்றுக் குமிழி தெரியும். அதை வெளியேற்றக் கூடாது, மருந்து கடைசிச் சொட்டு வரை இறங்குவதற்குத்தான் அது இருக்கிறது. முதல் வாரம் இது தெரியாமல் நான் தட்டித் தட்டிக் குமிழியை எடுத்துக்கொண்டிருந்தேன். தொப்புளிலிருந்து மூன்று விரலாவது தள்ளி, பக்கவாட்டில். ஒரு நாள் இடம், ஒரு நாள் வலம். சதையை இரு விரலால் மடித்துப் பிடித்து நேராகக் குத்துங்கள். மருந்து முழுவதும் இறங்கி ஊசி வெளியே வரும்வரை மடிப்பை விடாதீர்கள். பிறகு தேய்க்காதீர்கள், தேய்த்தால் நீலம் பாரிக்கும். தேய்க்காவிட்டாலும் கொஞ்சம் பாரிக்கும். ஆறாவது மாதத்தில் என் வயிறு நாவல்பழம் கொட்டிய தரைபோல் இருந்தது.

இரவு ஒன்பது மணி எங்கள் நேரம். பிஸ்கட் டப்பாவில் ஊசிகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஆனபின் என் கணவர் சுவர் நாட்காட்டியில் எண் எழுதுவார். பிரசவத்துக்கு முன் 226. பின்னால் ஆறு வாரம் தொடரச் சொன்னார்கள், இன்னும் 42. ஹெப்பாரின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போவதில்லை. எனக்கு இதைச் சொன்ன பிறகுதான் கை நடுங்காமல் குத்த முடிந்தது. வலி எடுக்கத் தொடங்கினால் அடுத்த ஊசியைப் போடாமல் மருத்துவமனைக்குப் போய், கடைசி ஊசி எத்தனை மணிக்கு என்று முதலில் சொல்லுங்கள். முதுகில் மயக்க ஊசி போட அந்த நேரம் அவர்களுக்கு வேண்டும்.

செப்டம்பர் 18

விட்டுப்போனது: கர்ப்பம் உறுதியானதும் முதல் அழைப்பு மருத்துவருக்கு, அம்மாவுக்கு இரண்டாவது. வெள்ளிக்கிழமை மாலையில் தெரிந்தால் திங்கள்வரை ஊசி கிடைக்காமல் அலைய நேரும். முதல் வாரத்துக்கான ஊசிகளை இப்போதே சீட்டு வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். டப்பா இல்லையென்றால் சொல்லுங்கள், எங்களுடையது அலமாரியின் மேல் இன்னும் இருக்கிறது.